பழைய டூ ஸ்ட்ரோக் வெளியிணைப்பு எஞ்சினை வாங்குமுன் சோதிப்பது எப்படி?

முகத்துவாரத்தில் விலைக்கு வந்திருக்கும், படகின் பின்புறம் பொருத்தும் இரண்டு சிலிண்டர் எஞ்சினைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் போகும்வரை அதனை இயக்கவேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூடாக்கி வைத்த எஞ்சின் எதுவும் இலகுவாகவே ஸ்டார்ட் ஆகும்.

முதலில் கியர்ப்பெட்டியின் கீழ்த் திருகாணியைச் சற்றுத் தளர்த்துங்கள். தண்ணீர் புகுந்திருந்தால், நிறுத்தி வைத்த எஞ்சினில் அது அடியில் தங்கி முதலில் வடியும். பால்போல் வெளுத்த ஒயில் வந்தாலும், தண்ணீரைத் தடுக்கும் சீல் பழுதாகிவிட்டது என்றே பொருள்.

பின்னர், நீருறிஞ்சும் துளைகள் மூழ்குமளவு தண்ணீர் நிரப்பிய பரலில் வைத்து இயக்குங்கள். தண்ணீரின்றிச் சில விநாடிகள் ஓடினாலும் பம்பின் ரப்பர் இதழ்கள் கெட்டுவிடும். பக்கத்துத் துளையிலிருந்து நீர் சீராகப் பீய்ச்சாவிட்டால், பம்ப் தேய்ந்திருக்கலாம், அல்லது உப்புப் படிந்து வழி அடைபட்டிருக்கலாம்.

முடிவைத் தீர்மானிப்பது, சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனைதான். எஞ்சின் சூடானபின் இரண்டு பிளக்குகளையும் கழற்றி, அவற்றின் வயர்களை எஞ்சின் உடலோடு இணைத்து, திரொட்டிலை முழுதாகத் திறந்து, ஒவ்வொரு பிளக் துளையிலும் அளவுமானியைப் பொருத்தி, அதன் முள் மேலும் உயராத நிலை வரும்வரை கயிற்றை இழுங்கள். மண்ணெண்ணெயில் ஓடும் வகைகளில் அளவு இயல்பாகவே குறைவு என்பதால், தனி எண்ணைவிடச் சிலிண்டர்களுக்கிடையிலான வேறுபாட்டையே நான் பெரிதாகக் கொள்வேன். அது 10 சதவீதத்தைத் தாண்டினால் சந்தேகிக்க வேண்டும். குறைந்த சிலிண்டரில் சிறிது ஒயில் விட்டு மீண்டும் அளக்கையில் முள் உயர்ந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று கருதலாம்.

புதிய பெயின்டைப் பார்த்து விலை பேசாதீர்கள்.