இத்தாலிய விவசாயப் பெண்கள் பெரிய சிலுவை அணிந்தது பக்திக்காக மட்டும்தானா?

பக்தி உண்டு, ஆனால் அது மட்டும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டு இத்தாலிய கிராமங்களில் நகைதான் பெண்ணின் கையிருப்பு. பெரும்பாலும் கல்யாணத்தையொட்டி வந்து சேரும். திருவிழாவுக்குப் போட்டுக்கொண்டு போனால் வீட்டு நிலவரம் ஊருக்கே தெரிந்துவிடும். சிலுவைகள் பல பார்க்கக் கனமாக இருக்கும், தூக்கினால் லேசு. மெல்லிய தகட்டில் உள்ளே கூடாகவோ, கம்பி வேலைப்பாடாகவோ செய்திருப்பார்கள். கொஞ்சம் தங்கம், நிறையப் பகட்டு! கண்ணேறு படாமலிருக்கப் பவளமும் அணிவார்கள். பாதிரியார் என்ன நினைத்தாரோ. அப்ருட்சோ பகுதியின் ‘பிரெசெந்தோசா’ பதக்கத்தில் நட்சத்திர வட்டத்துக்குள் இதயங்கள்தான் இருக்கும். அது காதல் பரிசு.

இத்தகைய நகைகளை இத்தாலிய பொற்கொல்லர் அலெஸ்ஸாந்த்ரோ கஸ்தெல்லானி சேகரித்து 1867 பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைத்தார். அந்தச் சேகரிப்பு இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.