இசை கேள்வி–பதில்: மலையுச்சித் தீயும் ஒரு பழைய மெட்டும்

கேள்வி: 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்கள் மூன்றையும் பலமுறை பார்த்திருக்கிறேன். அவற்றின் இசை பிரமாண்டமாக இருக்கிறது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. மேற்கத்திய இசையில் பயிற்சி இல்லாத ஒருவர் அதை எப்படி ரசிப்பது?
– திருச்சி வாசகர்

பதில்: 'பிரமாண்டம்' என்ற சொல்லைச் சிறிது காலம் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரே ஒரு மெட்டைப் பிடித்துக்கொண்டு மூன்று படங்களையும் கடந்து வாருங்கள். கோண்டோர் நாட்டுக்குரிய மெட்டை நான் பரிந்துரைப்பேன். 2001-இல் வந்த முதல் படத்தில், தீய சக்தி கொண்ட மோதிரத்தை என்ன செய்வது என்று எல்லோரும் கூடி விவாதிக்கும் சபையில், கோண்டோர் வீரன் போரோமிர் தன் நாட்டைப் பற்றிப் பேசும்போது ஒற்றை ஹார்ன் கருவி அந்த மெட்டை மெல்ல வாசித்துவிட்டு ஓய்ந்துவிடும். அந்த நாட்டை நாம் அப்போது பார்த்ததே இல்லை. ஆகவே முதல்முறை பார்ப்பவர் யாரும் அதைக் கவனிக்கப்போவதில்லை. 2003-இல் வெளியான மூன்றாம் படத்தில், மந்திரவாதி காண்டால்ஃப் அந்நாட்டின் தலைநகருக்குள் குதிரையில் ஏறிச் செல்லும்போது அதே மெட்டு முழு உருவில் வருகிறது. அதன்பின், உதவி கேட்டு மலையுச்சிகளில் ஒன்றன்பின் ஒன்றாகத் தீ மூட்டப்படும் காட்சியில், ஒவ்வொரு சிகரத்துக்கும் ஒரு படி உயர்ந்து, பித்தளைக் காற்றுக் கருவிகள் எல்லாம் சேர்ந்து அதை முழக்குகின்றன. அந்தச் சில நிமிடங்களில் வசனம் ஏறக்குறைய இல்லை. கதையைச் சொல்லும் பொறுப்பு முழுவதும் இசையிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. மயிர்க்கூச்செறியக் காரணம் வாத்தியங்களின் எண்ணிக்கை என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். நம்மை அறியாமலே இரண்டு ஆண்டுகளாகக் காதில் கிடந்த மெட்டு அது என்பதுதான் என் கணிப்பில் உண்மையான காரணம்.

ஒரு பாத்திரத்துக்கோ இடத்துக்கோ பொருளுக்கோ ஒரு மெட்டை உரிமையாக்கி, கதை நகர நகர அதை உருமாற்றிக்கொண்டே செல்லும் இம்முறையை 'லைட்மோட்டிஃப்' என்பார்கள். 1876-இல் பைராய்ட் நகரில் முழுமையாக அரங்கேறிய வாக்னரின் நான்கு இசை நாடகங்கள் இதற்குப் பெரிய முன்னோடி. அங்கும் கதையின் நடுவே இருப்பது ஒரு மோதிரமே. கனடா நாட்டு இசையமைப்பாளர் ஹோவர்ட் ஷோர் இம்மூன்று படங்களுக்குமாக எண்பதுக்கும் மேற்பட்ட இத்தகைய மெட்டுகளை நெய்தார். எந்த வாத்தியம் எதை வாசிப்பது என்ற வாத்தியப் பகிர்வையும் தாமே எழுதி, இசைக்குழுவையும் தாமே நடத்தினார். பெரும்பகுதியை வாசித்தது லண்டன் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு. முதல் படத்துக்கும் மூன்றாம் படத்துக்கும் அவருக்கு ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன.

ஒரு மெட்டு வளர்வதைப் போலவே அது சிதைவதையும் கேட்க வேண்டும். மோதிரத்தை அழிக்கப் புறப்படும் பயணக் குழுவின் மெட்டு, அதைச் சுமக்கும் ஃப்ரோடோவும் அவன் தோழன் சாமும் ஊரை விட்டுக் கிளம்பும்போது துண்டு துண்டாகவே வருகிறது. ஒன்பது பேரும் சேர்ந்த பிறகுதான் நிறைவடைகிறது. குள்ளர்களின் பழைய சுரங்க நகரான மோரியாவின் பாலத்தில் காண்டால்ஃப் விழுந்ததும், போர்முழக்கமெல்லாம் அடங்கி, சூழலின் ஓசைகளும் தணிந்து, குரல்கள் மட்டும் மிஞ்சுகின்றன. மூன்று படங்களிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். அங்கே பிரமாண்டம் எதுவும் இல்லை.

கேள்வி: நம் ராகங்களோடும் தாளங்களோடும் ஒப்பிட்டு இந்த இசையைப் புரிந்துகொள்ள முடியுமா?
– மதுரை வாசகர்

பதில்: உள்ளே நுழைவதற்கு உதவும் என்ற அளவில் ஒப்பிடலாம். ஹாபிட்டுகள் எனும் சிறு உருவ மக்களின் ஊரான ஷயரின் மெட்டு 'ஸ ரி க ப க ரி ஸ' என்று தொடங்குவதால் முதல் வரியில் மோகனத்தின் சாயல் தெரியும்; அடுத்த வரியில் நிஷாதமும் மத்தியமமும் வந்து சேர்ந்ததும் அது சங்கராபரணத்தின் ஸ்வரங்களுக்குள் போய்விடும். ஸ்வரங்களை அசைத்து இசைக்கும் கமகம் இல்லாததால் இதை ராகம் என்று சொல்லிவிடக் கூடாது. எல்ஃப்கள் வாழும் லோத்லோரியன் வனத்தின் இசை அரபு மரபின் ஹிஜாஸ் அமைப்பைத் தழுவியது; அதன் முற்பகுதி ஸ்வரங்கள் சரளி வரிசை பயின்ற எவருக்கும் மாயாமாளவகௌளையை நினைவூட்டும்.

தாளத்தில்தான் சுவையான முரண் இருக்கிறது. தீய மந்திரவாதி சாருமானின் கோட்டையான ஐசென்கார்டின் இசை, உலோகத்தை அடிக்கும் ஓசையுடனும் பெருமுரசுகளுடனும், ஐந்து எண்ணிக்கையில் நகர்கிறது. நான்கிலேயே கால் பதித்துப் பழகிய மேற்கத்தியக் காதுக்கு அந்த ஐந்தாவது அடி ஒரு நொண்டலாக, இயல்புக்கு மாறான இயந்திரமாகத் தோன்ற வேண்டும் என்பதுதான் நோக்கம். கண்ட சாபுவில் கீர்த்தனைகள் கேட்டு வளர்ந்த நமக்கோ ஐந்து என்பது உறவினர் வீடு. அவர்கள் இடற வேண்டிய இடத்தில் நாம் தலையாட்டிக்கொண்டிருப்போம்! அதன் அச்சுறுத்தலை உணர நாம்தான் கொஞ்சம் முயல வேண்டும்.

கருவிகளிலும் உறவுகள் உண்டு. குதிரை வீரர்களின் நாடான ரோஹனுக்கு ஒலிக்கும் ஹார்டாங்கர் ஃபிடில், நார்வே நாட்டு வயலின். வில் படும் தந்திகளுக்குக் கீழே, சிதாரில் இருப்பதுபோல, தாமே அதிர்ந்து ஒலிக்கும் தந்திகள் அதில் உள்ளன. எதிரியின் நாடான மோர்டோரின் இசையில் கீறும் 'ரைட்டா', வட ஆப்பிரிக்காவின் இரட்டைச் சீவாளிக் கருவி. நாகஸ்வரத்துக்கு அது தூரத்துச் சொந்தம்.

கேள்வி: 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களுக்கு ஏ.ஆர். ரஹ்மானும் இசையமைத்தார் என்று என் நண்பர் சாதிக்கிறார். உண்மையா?
– கோவை வாசகர்

பதில்: நண்பர் பாதி சரி. ரஹ்மான் இசையமைத்தது, அதே கதையைக் கொண்டு 2006-இல் டொரண்டோவிலும் 2007-இல் லண்டனிலும் மேடையேறிய இசை நாடகத்துக்கு. பின்லாந்தின் வார்த்தினா குழுவும் கிறிஸ்டோபர் நைட்டிங்கேலும் அவரோடு பணியாற்றினர். திரைப்படங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கேள்வி: இப்படங்களின் சேர்ந்திசையில் ஒரு சொல்லும் புரியவில்லையே, அது என்ன மொழி?
– சிங்கப்பூர் வாசகர்

பதில்: ஆங்கிலம் தெரிந்தவருக்கும் புரியாது. நாவலாசிரியர் டோல்கீன் தம் கதைமாந்தருக்காகவே உருவாக்கிய குவென்யா, சிண்டாரின், குஸ்துல் முதலிய மொழிகளிலும் பழைய ஆங்கிலத்திலும் பெரும்பாலான வரிகள் அமைந்துள்ளன. மோரியாவின் இருட்டில் குள்ளர்களின் மொழியில் உறுமுவது தடித்த ஆண்குரல்கள். அப்பகுதியின் இசையில் சில பகுதிகள் நியூசிலாந்தில் பதிவு செய்யப்பட்டன. இரண்டாம் படத்தில் ஆற்றில் மிதந்து வரும் நாயகன் அரகோர்னுக்கு மேல் ஒலிக்கும் பெண்குரலைத் தனியாகக் கேளுங்கள். அது, தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலைத் தழுவிய குரல்தாளப் பதிவுகளால் 1990-களில் பெயர்பெற்ற, இந்திய வம்சாவளியில் வந்த லண்டன் பாடகி ஷீலா சந்திராவின் குரல்.

கேள்வி: படம் இல்லாமல் இசையை மட்டும் கேட்க எதை வாங்கலாம்?
– சேலம் வாசகர்

பதில்: படம் வந்தபோது வெளியான ஒற்றைக் குறுந்தகடுகள் சுருக்கங்களே. 2005 முதல் 2007 வரை ஆண்டுக்கொன்றாக வந்த முழுப்பதிவுகள் சேர்த்துச் சுமார் பத்து மணி நேரம் ஓடும். ஒரே மூச்சில் கேட்காமல் ஓர் இரவுக்கு ஒரு தகடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலியளவைக் குறைவாக வைத்தே தொடங்குங்கள். போர்க் காட்சிகளுக்காகக் கூட்டி வைத்தால் அந்த ஒற்றை ஹார்னைத் தவறவிட்டு விடுவீர்கள்.