6 மி.மீ. தகடு வேண்டாம், 3 போதும்

சகோ, எண்ணூர் மணலிலும் பழவேற்காடு பக்கமும் ஓட்டும் மாருதி ஜிப்சி ஜீப்புக்கு, இன்ஜின் அடிபடாமல் இருக்க அடியில் 6 மி.மீ. இரும்புத் தகட்டை வெல்டு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நீங்கள் சொன்ன 80க்கு 60 செ.மீ. அளவில் அதுவே 22 கிலோவைத் தாண்டும். 3 மி.மீ. என்றால் 11 கிலோ சொச்சம்தான். பலம் மடிப்பில் இருக்கிறது: முன்விளிம்பை மேல்நோக்கி வளையுங்கள், பக்கங்களையும் ஓர் அங்குலம் மடித்துவிடுங்கள்.

ஆயில் சம்ப்புக்கும் (இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) தகட்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். இன்ஜின் ரப்பர் மவுண்டில் ஆடும் அல்லவா? நான் முதலில் ஒட்டினாற்போல் மாட்டிவிட்டு, மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் போட்ட ஒவ்வொரு குழியிலும் தகரடப்பா சத்தம் கேட்டுக்கொண்டே வந்தேன். மானம் போயிற்று.

வெல்டு வைத்தால் கழற்ற முடியாது; சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட் போடுங்கள். போல்ட் தலை தகட்டுக்குள் பதிந்திருக்கட்டும், இல்லாவிட்டால் கல்லில் தேய்ந்து ஸ்பேனர் பிடிக்காது. ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்குக்கு நேர்கீழே சாக்கெட் நுழையும் அளவு ஓட்டை வேண்டும்.

அலுமினியம் எடை குறைவுதான். ஆனால் நம்மூர் உப்புக்காற்றில் இரும்பு போல்ட் தொடும் இடத்தில் அரிக்கும். அப்புறம், ஈரமணல் தகட்டின் மேல் தங்கும். வீடு திரும்பியதும் தண்ணீர் பீய்ச்சி விடுங்கள்.