அம்மா வீட்டு டிவியில் நெட்ஃபிளிக்ஸ் லாகின் ஆகவில்லை, ஃபோனில் ஆகிறது. ரீசெட் அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

நீங்கள் எழுதியதை ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், பிழையாக விளங்கியிருந்தால் திருத்துங்கள். திருகோணமலையில் அம்மா தனியாக இருக்கிறார். டிவியில் பொருத்திய ஆண்ட்ராய்ட் பெட்டியும் 4ஜி ரவுட்டரும் இருக்கின்றன. நெட்ஃபிளிக்ஸ் கணக்கு கனடாவில் இருக்கும் அண்ணாவுடையது. கரண்ட் போய் வந்த பிறகு பெட்டி லாகின் கேட்கிறது, பாஸ்வேர்ட் அடித்தால் உள்ளே விடவில்லை. யூடியூப் சிலநேரம் ஓடுகிறது, சிலநேரம் ஓடவில்லை. அதே பாஸ்வேர்ட் உங்கள் ஃபோனில் வேலை செய்கிறது. கடையில் ஃபாக்டரி ரீசெட், அதாவது எல்லாவற்றையும் அழித்துப் பெட்டியைப் புதிதாக்குவது, அடிக்கச் சொல்கிறார்கள்.

ரீசெட் அடித்தால் பெட்டி கூகிள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். அது அம்மாவுக்குத் தெரியுமா? அநேகமான வீடுகளில் பெட்டியைப் பொருத்த வந்தவர் தன் சொந்த ஜிமெயிலைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். வைஃபை பாஸ்வேர்ட் ரவுட்டரின் அடியில் உப்புக்காற்றில் மங்கிப்போன ஸ்டிக்கரில் இருக்கும். நெட்ஃபிளிக்ஸ் பிரச்சினை ஒன்றாக இருந்தது, ரீசெட்டுக்குப் பிறகு நாலாகும். "ரீசெட் அடித்தால் அநேகமாகச் சரியாகிவிடுமே" என்று சொல்ல வருகிறவர்களே, சரியாவது பலநேரம் ரீசெட்டால் அல்ல. ரீசெட்டின்போது பெட்டி முழுதாக அணைந்து, நேரமும் புதுப்பிக்கப்பட்டு எழும்புவதால்தான். அந்தப் பலனை எதையும் அழிக்காமலே எடுக்கலாம்.

முதலில் பிழை கணக்கிலா, இணைப்பிலா, பெட்டியிலா என்று பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஃபோனில் ஹாட்ஸ்பாட் போட்டு, பெட்டியை அதில் இணைத்து லாகின் செய்து பாருங்கள். ஆகிவிட்டால் குற்றம் ரவுட்டரிலோ அதன் டேட்டாவிலோ. ஆகாவிட்டால், ஃபோனை அம்மா வீட்டு வைஃபையில் இணைத்து, நெட்ஃபிளிக்ஸ் செயலியிலிருந்து ஒருமுறை வெளியேறி மறுபடி லாகின் செய்யுங்கள். ஏற்கெனவே திறந்து கிடக்கிற ஃபோன் எதையும் நிரூபிக்காது, அது பழைய அனுமதிச்சீட்டில் ஓடிக்கொண்டிருக்கும். மறுபடி லாகின் ஆனால் கணக்கும் இணைப்பும் சரி, மிச்சம் பெட்டிதான்.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது பெட்டியின் கடிகாரம். விலை குறைந்த பெட்டிகளில் நேரத்தைக் காப்பாற்றும் பட்டரி கிடையாது. கரண்ட் போனால் கடிகாரம் 1970 ஜனவரி 1க்கோ, மென்பொருள் செய்த தேதிக்கோ திரும்பிவிடும். இணையம் கிடைத்ததும் சரியான நேரத்தைப் பெட்டி தானே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் கரண்ட் வந்தவுடன் பெட்டி எழும்பிவிடும், 4ஜி ரவுட்டர் சிக்னல் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். அந்த இடைவெளியில் நேரம் கேட்டுப் பார்த்துக் கிடைக்காமல், சில பெட்டிகள் அப்படியே பிழையான தேதியில் நின்றுவிடும். லாகின் செய்யும்போது நெட்ஃபிளிக்ஸின் சர்வர் ஒரு பாதுகாப்புச் சான்றிதழைக் காட்டும். அதில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்று இருக்கும். பெட்டி தான் 1970இல் இருப்பதாக நினைத்தால் "இது இன்னும் செல்லுபடியாகாத சான்றிதழ்" என்று இணைப்பைத் துண்டித்துவிடும். திரையில் வருவதோ "இணைக்க முடியவில்லை, பிறகு முயலவும்". பாவம், அம்மா தான் பாஸ்வேர்டைப் பிழையாக அடித்துவிட்டதாக நினைத்து மறுபடி மறுபடி அடித்துக்கொண்டிருப்பார். யூடியூப் சிலநேரம் மட்டும் ஓடுவதற்கும் இதே காரணம் பொருந்தும்: நேரம் சரியான நாளில் ஓடும், மற்ற நாளில் ஓடாது.

செட்டிங்ஸில் தேதியும் நேரமும் என்ற இடத்துக்குப் போங்கள். தானியங்கி நேரத்தை நிறுத்தி, ஆண்டு, மாதம், நாள், நேரம் நாலையும் கையால் சரியாக வையுங்கள். நேர வலயம் கொழும்பு, அதாவது 5:30 கூட்டல். லாகின் ஆனபின் தானியங்கியை மறுபடி போடுங்கள். இனிக் கரண்ட் வந்ததும் ரவுட்டரை மட்டும் போட்டு, அதில் இணைய விளக்கு நிலையாக எரிந்தபின் பெட்டியைப் போடச் சொல்லுங்கள். இரண்டுக்கும் தனித்தனிச் சுவிட்ச் இருந்தால் அம்மாவுக்குக் கரைச்சல் இல்லை.

நேரம் சரியாக இருந்தும் ஆகாவிட்டால் ரிமோட்டில் பாஸ்வேர்ட் அடிப்பதை விட்டுவிடுங்கள். டிவி விசைப்பலகையில் மின்னஞ்சலுக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் விழுந்தாலே பிழை. முதல் எழுத்தைச் சில பெட்டிகள் தானாகப் பெரிய எழுத்தாக்கும். சைபரையும் ஓ எழுத்தையும் பிரித்தறிவது கண்ணாடி போட்டவர்களுக்கும் கஷ்டம். தொலைபேசி இலக்கத்தால் நுழைகிற கணக்கென்றால் நாட்டுக் குறியீடு வேண்டும்: இலங்கை எண்ணுக்கு 94 போட்டு முன்னால் உள்ள சைபரை விட வேண்டும். அடுத்தடுத்துப் பிழையாக அடித்தால் கணக்கைச் சிறிது நேரம் முடக்கியும் விடுவார்கள். அதனால் திரையில் குறியீடு காட்டும் வழியைத் தெரிவு செய்யுங்கள். ஃபோனில் முகவரிப் பட்டியில் நெட்ஃபிளிக்ஸ் டாட் காம் ஸ்லாஷ் டிவி8 என்று அடித்து, டிவியில் தெரியும் எட்டு இலக்கத்தை இடுங்கள். யூடியூபுக்கு யூடியூப் டாட் காம் ஸ்லாஷ் ஆக்டிவேட், பிரைம் வீடியோவுக்கு பிரைம்வீடியோ டாட் காம் ஸ்லாஷ் மைடிவி. இதற்கு ஃபோன் அதே வைஃபையில் இருக்கத் தேவையில்லை. குறியீட்டுக்கு ஆயுள் குறைவு, எடுத்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகக்கூடாது.

இந்த முகவரிகளைத் தேடுபொறியில் தேடாதீர்கள். முகவரிப் பட்டியில் நேராக அடியுங்கள். தேடினால் மேலே வரும் சில பக்கங்கள் உண்மையானதைப் போலவே இருக்கும், "ஆக்டிவேட் செய்யக் கட்டணம்" என்று அட்டை எண் கேட்கும். குறியீட்டை இணைக்க எந்தச் சேவையும் காசு கேட்பதில்லை. வயதானவர்கள் இதில் காசை இழப்பதைப் பார்க்க வயிறு எரிகிறது.

பழைய லாகின் அரைகுறையாகச் சிக்கியிருந்தால் அதையும் ரீசெட் இல்லாமல் எடுக்கலாம். டிவிக்கான நெட்ஃபிளிக்ஸ் செயலி திறந்திருக்கையில் ரிமோட்டின் அம்புக்குறிகளை இந்த வரிசையில் அழுத்துங்கள்: மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பிறகு நாலு தடவை மேல். வெளியேறுவதற்கான திரை வரும். யூஐ-800-3 என்ற குறியீடு வந்தால் பெட்டியில் சேமித்த தகவல் பழுது. செட்டிங்ஸில் செயலிகள், நெட்ஃபிளிக்ஸ், டேட்டாவை அழி, அவ்வளவுதான். இது அந்தச் செயலியை மட்டும் தொடும். என்டபிள்யூ-2-5 என்றால் இணைப்புப் பிரச்சினை. டேட்டாவை அழித்து ஒன்றும் ஆகாது, ரவுட்டரைப் பாருங்கள்.

ரவுட்டரில் பார்க்க வேண்டியது வேகமல்ல. லாகினுக்கு வேகம் தேவையே இல்லை, எச்டி படத்துக்கே 5 எம்பிபிஎஸ் போதும். போட்டிருக்கும் டேட்டா எந்த வகை என்று பாருங்கள். யூடியூபுக்கும் சமூக ஊடகத்துக்கும் மட்டுமான பொதியாக இருந்து, பொது டேட்டா முடிந்திருந்தால், யூடியூப் ஓடும், நெட்ஃபிளிக்ஸ் நின்றுவிடும். பலரும் இதைக் கவனிப்பதில்லை. டேட்டா இருக்கிறதென்றால் பெட்டியின் வைஃபை அமைப்பில் டிஎன்எஸ் (தளப் பெயரை இணைய எண்ணாக மாற்றித் தரும் சேவை) என்ற இடத்தில் 8.8.8.8 என்று கையால் கொடுத்துப் பாருங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விருந்தினர் விடுதிகளில் வேறு சிக்கல். அங்கே வைஃபை முதலில் ஒரு பக்கத்தைத் திறந்து அறை எண்ணைக் கேட்கும், பல பெட்டிகளால் அந்தப் பக்கத்தைத் திறக்க முடியாது. ஹாட்ஸ்பாட்தான் வழி, அறையை விட்டுப் போகும்போது கணக்கிலிருந்து வெளியேறவும் வேண்டும்.

இனி அண்ணாவின் கணக்கு. 2023 முதல் நெட்ஃபிளிக்ஸ் ஒரு கணக்கை ஒரு வீட்டுக்கென்று கட்டுகிறது. வீடு எது என்பதை இணைய முகவரி, கருவியின் அடையாளம், பயன்பாடு இவற்றை வைத்துத் தீர்மானிக்கிறது. டொரொன்டோவில் உள்ள டிவியை வைத்து வீடு குறிக்கப்பட்டிருந்தால், லாகின் ஆனபிறகும் "இந்த டிவி உங்கள் வீட்டைச் சேர்ந்ததல்ல" என்று நின்றுவிடும். அது பாஸ்வேர்ட் பிழையுமல்ல, பெட்டிப் பழுதுமல்ல. தற்காலிகக் குறியீடு கேட்டால் அண்ணாவின் மின்னஞ்சலுக்கோ ஃபோனுக்கோ போகும், 15 நிமிடத்தில் காலாவதியாகும். இங்கே இரவு 8 மணி என்றால் டொரொன்டோவில் கோடையில் காலை 10:30, குளிர்காலத்தில் 9:30. வேலைக்கிடையில் அவர் ஃபோனைப் பார்க்கும் நேரத்தை முதலே கதைத்து வைத்துக்கொண்டு கேளுங்கள். வீட்டையே இங்கே மாற்றிவிட்டால் அங்கே அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் நின்றுவிடும். கூடுதல் உறுப்பினர் வசதியும் கணக்கு தொடங்கிய அதே நாட்டில் இருப்பவருக்குத்தான். எத்தனை ரீசெட் அடித்தாலும் இது மாறாது. நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரி முதல் இலங்கையிலேயே கிடைக்கிறது. அண்ணா பணம் கட்ட விரும்பினால் அம்மா பெயரில் இங்கே தனிக் கணக்கு எடுத்துக் கொடுப்பதுதான் நிம்மதி. எடுக்கும்போது மொபைலுக்கு மட்டுமான திட்டத்தை எடுத்துவிடாதீர்கள், அது டிவியில் ஓடாது.

கடைகளில் ஆண்டுக் கணக்கு என்று மலிவு விலைக்கு விற்பதை வாங்கவும் வேண்டாம். ஒரே கணக்கைப் பல வீடுகளுக்கு விற்கிறார்கள். யாராவது ஒருவர் பாஸ்வேர்டை மாற்றினால் எல்லா வீட்டிலும் லாகின் போய்விடும். விற்றவர் ஃபோன் எடுக்கமாட்டார். ஓய்வூதியக் காசில் வாங்கியவர்களிடம் இப்படிச் செய்வது அநியாயம்.

லாகின் ஆகி, அணைத்துப் போட்டதும் மறுபடி கேட்டால் இரண்டைப் பாருங்கள். டிவியின் பின்னால் செருகும் ஸ்டிக் வகைக்கு 5 வோல்ட் 1 ஆம்பியர் தேவைப்படும். டிவியின் யூஎஸ்பி 2.0 துளை தருவது அரை ஆம்பியர். மின்சாரம் போதாமல் நடுவில் அணைந்து எழும்பும், லாகினைச் சேமிக்கும் நேரம் இருக்காது. கூட வந்த அடாப்டரைச் சுவரில் செருகுங்கள். மற்றது சேமிப்பிடம். 8 ஜிபி பெட்டியில் இடம் நிரம்பியிருந்தால் அனுமதிச்சீட்டை எழுத இடமில்லை, தேவையில்லாத செயலிகளை நீக்குங்கள். கேபிள் வழி இணைப்பென்றால் செருகியின் ஊசிகள் பச்சை பிடித்திருக்கின்றனவா பாருங்கள். கடற்கரை வீடுகளில் உப்புக்காற்று இதைச் செய்யும். கரண்டை நிறுத்தி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் செருகுங்கள்.

பெட்டியில் ஃபோனுக்கான நெட்ஃபிளிக்ஸைப் போட்டிருந்தால் அம்புக்குறிகளால் பாஸ்வேர்ட் அடிக்கும் இடத்துக்குப் போகவே முடியாது. யூஎஸ்பி மவுஸ் செருகினால் நகரும். செயலியின் அமைப்பில் பிளேபேக் விவரத்தைத் திறந்து பாருங்கள். வைட்வைன் (படங்களைக் களவாக நகலெடுக்காமல் காக்கும் பூட்டு) எல்3 என்ற கீழ்நிலையில் இருந்தால், அட்டைப்பெட்டியில் 4கே என்று எவ்வளவு பெரிதாக அச்சடித்திருந்தாலும் நெட்ஃபிளிக்ஸ் எஸ்டி என்ற சாதாரண தரத்துக்கு மேல் வராது. மிகப் பழைய டிவிகளில் செயலியே நிறுத்தப்பட்டிருக்கும்: சாம்சங்கின் 2010, 2011 மாடல்கள் சிலவற்றில் 2019 டிசம்பர் 1 முதல் நெட்ஃபிளிக்ஸ் இல்லை. அங்கே டிவியைத் திட்டிப் பயனில்லை, நெட்ஃபிளிக்ஸ் சான்றளித்த பெட்டி ஒன்றைப் பொருத்தலாம்.

எல்லாம் பார்த்தும் ஆகாமல் ரீசெட்தான் என்றால், முதலில் பெட்டியில் எந்தக் கூகிள் கணக்கு இருக்கிறது என்று பார்த்து, அது கடைக்காரருடையதென்றால் அம்மா பெயரில் புதிது ஒன்று தொடங்குங்கள். வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் கொப்பியில் எழுதுங்கள். அம்மா பார்க்கும் செயலிகளின் பட்டியலை ஃபோனில் படம் எடுங்கள். அண்ணா விழித்திருக்கும் நேரத்தில், நீங்கள் நேரில் அங்கே இருக்கும் நாளில் அடியுங்கள். ஃபோனில் சொல்லி அம்மாவை அடிக்கவைக்காதீர்கள்.