சோவியத் விண்வெளி வீரர்கள் ராக்கெட்டில் துப்பாக்கி எடுத்துப்போனார்களாமே, உண்மையா? எதற்கு?

உண்மைதான். ஆனால் மேலே யாரையும் சுடுவதற்கு இல்லை. பூமிக்குத் திரும்பியபிறகு கரடி, ஓநாய் கிட்டே வந்தால் விரட்டுவதற்கு. வேற்றுக்கிரகவாசிகளுக்காக என்று யூடியூபில் அளப்பதை எல்லாம் தள்ளிவிட்டு, 1965 மார்ச்சில் வஸ்கோத்-2 என்ற சோவியத் விண்கலம் பட்ட பாட்டைப் பாருங்கள்.

அந்தக் கலத்தில் போனவர்கள் இரண்டு பேர்: கமாண்டர் பாவெல் பெல்யாயெவ், கூடவே அலெக்சி லியோனோவ். மார்ச் 18 அன்று லியோனோவ் சுமார் 12 நிமிடம் கலத்துக்கு வெளியே மிதந்தார். விண்வெளியில் மனிதன் 'நடந்தது' அதுதான் முதல் தடவை. வெற்றிடத்தில் அவருடைய உடை காற்றடைத்த டியூப் மாதிரி உப்பிவிட்டது. விரல் கையுறை நுனியை எட்டவில்லை, கால் பூட்ஸில் நிற்கவில்லை. தரைக் கட்டுப்பாட்டிடம் கேட்காமலேயே வால்வைத் திறந்து உடையின் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு, கலத்துக்குள் போகும் குழாய் போன்ற வழியில் (ஏர்லாக்) கால் முதலில் போக வேண்டியிருக்க, தலையை நுழைத்து உள்ளே புகுந்தார். அந்தக் குறுகலான குழாய்க்குள்ளேயே உடம்பை மடக்கித் திரும்பித்தான் கதவைச் சாத்த முடிந்தது.

இதுவரை எல்லோரும் சொல்லும் கதைதான். என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய கண்டம் மறுநாள்தான் வந்தது.

மார்ச் 19, இறங்க வேண்டிய நேரம். தானியங்கி முறை வேலை செய்யவில்லை. கலத்தைக் கையாலேயே திருப்பி, வேகத்தைக் குறைத்துக் கீழே இறக்கும் எஞ்சினையும் கையாலேயே இயக்க வேண்டிய நிலைமை. அதுவரை எந்த சோவியத் வீரரும் அப்படி இறங்கியது கிடையாது. இங்கேதான் வடிவமைப்பாளர்கள் செய்த ஒரு வேலை காலை வாரியது. வஸ்கோத் என்பது ககாரின் போன வஸ்தோக் கலத்தின் மாற்றியமைத்த வடிவம். ஒருவர் உட்கார்ந்த இடத்தில் கூடுதல் ஆட்களை உட்காரவைக்க, இருக்கைகளை 90 டிகிரி திருப்பிப் போட்டார்கள். கருவிகளையோ பழைய இடத்திலேயே விட்டுவிட்டார்கள். அதனால் இருக்கையில் இருந்தபடி திசை காட்டும் ஜன்னலைப் பார்க்க வழியில்லை. பெல்யாயெவ் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இரண்டு இருக்கைகளுக்கும் குறுக்கே படுத்தார். லியோனோவ் அவர் மிதந்துபோகாமல் பிடித்துக்கொண்டார்.

சரி, கலத்தைத் திருப்பியாயிற்று, உடனே எஞ்சினை இயக்கலாமா? கூடாது. இருவரும் அவரவர் இருக்கைக்குத் திரும்பினால்தான் கலத்தின் எடைமையம் சரியான இடத்தில் இருக்கும். இந்த இடமாற்றத்தில் போனது 46 வினாடி. அந்த உயரத்தில் கலம் வினாடிக்குச் சுமார் 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, பெருக்கிப் பாருங்கள். குறித்த இடத்திலிருந்து 386 கிலோமீட்டர் தள்ளி, ரஷ்யாவின் பெர்ம் பகுதியில், தைகா என்னும் அடர்ந்த ஊசியிலைக் காட்டில் போய் விழுந்தார்கள்.

சுற்றிலும் ஆளை அமிழ்த்தும் பனி. திறந்த கதவு ஒரு மரத்தில் முட்டி நின்றுவிட, ஆட்டி ஆட்டித்தான் விடுவித்தார்கள். விண்நடையில் வழிந்த வியர்வை லியோனோவின் உடைக்குள் முழங்கால்வரை தேங்கிக் கிடந்தது. அப்படியே விட்டால் இரவில் விறைத்துச் சாக வேண்டியதுதான். அதனால் இருவரும் அந்தக் குளிரிலும் துணியைக் கழற்றி, உள்ளாடையைப் பிழிந்து, திரும்பவும் மாட்டிக்கொண்டார்கள். மேலே பறந்த ஹெலிகாப்டர் இறங்க மரங்களுக்கு நடுவே இடமில்லை. துணிமணி போட்டார்கள், பாதி கிளைகளில் மாட்டிக்கொண்டது. ஒரு கோன்யாக் (பிராந்தி) பாட்டிலும் வந்தது, விழுந்து உடைந்தது!

கரடியும் ஓநாயும் மூர்க்கமாகத் திரியும் பருவம் அது என்று லியோனோவ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கையில் இருந்தது ஒரு சாதாரண கைத்துப்பாக்கி. மறுநாள் மீட்புக் குழு பனிச்சறுக்குக் கட்டைகளில் வந்துசேர்ந்து, மரம் வெட்டிச் சின்னக் குடிசை போட்டது. இரண்டாவது இரவு அங்கே கழிந்தது. அதற்கு அடுத்த நாள் சுமார் 9 கிலோமீட்டர் சறுக்கிப் போய்த்தான் ஹெலிகாப்டர் ஏறினார்கள்.

காட்டில் இறங்கினால் ஒரு கைத்துப்பாக்கி போதாது என்பதற்கு இந்த அனுபவத்தைத்தான் பொதுவாகக் காரணம் சொல்வார்கள். நீங்கள் கேள்விப்பட்ட துப்பாக்கி பெரும்பாலும் டிபி-82 ஆக இருக்கும். 1986 முதல் சோயுஸ் கலங்களின் அவசரப் பையில் அது இருந்தது. மூன்று குழல்: மேலே உள்ள இரண்டில் சன்னத் தோட்டாவும் சமிக்ஞை வெடியும் போடலாம், கீழே உள்ளது ரைஃபிள் குழல். தோளில் வைக்கும் பின்கட்டையைத் தனியாகக் கழற்றினால் அதுவே வெட்டுக்கத்தி. கரடி வராவிட்டாலும் குளிர் காய விறகு வெட்ட ஆகும்.