தீம் பார்க் ஹோட்டலுக்குக் காசு கட்டுமுன்

விடுமுறை நெருங்குகிறது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தீம் பார்க்கோடு சேர்ந்த ஹோட்டல்களைப் பற்றியவை. இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில்.

சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில், யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பார்க் இருக்கிற அதே வளாகத்தில் மூன்று இரவுக்கு அறை எடுத்திருக்கிறோம். பார்க் ரிக்கெற்றும் அதற்குள் அடங்கும்தானே? (சுண்ணாகம்)

அடங்காது. முன்பதிவுத் தாளில் ரிக்கெற், எத்தனை பேருக்கு, எந்த நாளுக்கு என்று எழுதியிருந்தால் மட்டுமே அடங்கும்.

விலை 500 சிங்கப்பூர் டொலர் என்று போட்டு, பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி. அது என்ன? (மானிப்பாய்)

ஒன்று 10 வீத சேவைக் கட்டணம், மற்றது 9 வீத ஜிஎஸ்டி வரி. சேவைக் கட்டணத்தின் மேலும் வரி விழும். அதனால் 500 முதலில் 550 ஆகி, பிறகு 599.50 ஆகும், அதுவும் ஓர் இரவுக்கு. மூன்று இரவென்றால் ஏறத்தாழ 300 டொலர் கூடுதலாகப் போகும். இரண்டு ஹோட்டல்களை ஒப்பிடுவதானால் வரியெல்லாம் சேர்ந்த கடைசித் தொகையை வைத்து ஒப்பிடுங்கள்.

அண்ணா பாரிஸில் லாகூர்னெவில் இருக்கிறார். டிஸ்னிலாண்டுக்குத் தன் வீட்டிலிருந்தே ரயிலில் போய்வரலாம் என்கிறார். மனைவிக்கு டிஸ்னி ஹோட்டலில் தங்க ஆசை. பிள்ளைகளுக்கு ஐந்தும் இரண்டும் வயது. (கொக்குவில்)

காசுக் கணக்கில் அண்ணா சொல்வதுதான் சரி. ஆர்இஆர் என்ற பாரிஸ் புறநகர் ரயிலில் பி தடத்தில் ஏறி, ஷாத்லே நிலையத்தில் ஏ தடத்துக்கு மாறினால், அதன் ஒரு கிளையின் கடைசி நிலையம் பார்க் வாசலடியிலேயே இருக்கிறது. ஆனால் இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரவில் ரயில் மாறி வருவது லேசான வேலை இல்லை. ஓர் இரவு மட்டும் ஹோட்டலில் எடுங்கள்.

ஹோட்டலும் ரிக்கெற்றும் சேர்ந்த பக்கேஜில் ஓர் இரவுக்கு இரண்டு நாள் ரிக்கெற் வரும், வருகிற நாளுக்கும் போகிற நாளுக்கும். அறை பின்னேரம் 3 மணிக்குத்தான் கிடைக்கும். எங்கள் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு மத்தியானத்துக்குப் பிறகு போய் இறங்குவார்கள். கட்டிய காசில் அரை நாள் வீண். காலையிலேயே போய், பெட்டிகளை ஹோட்டலில் ஒப்படைத்துவிட்டுப் பார்க்குக்குள் நுழையுங்கள். மறுநாளும் அறையைக் கொடுத்துவிட்டுப் பெட்டிகளை அங்கேயே விட்டால் இரவு வரை நிற்கலாம்.

அந்த ஹோட்டல்களில் தங்குபவர்களைக் காலையில் மற்றவர்களுக்கு முன்னதாக உள்ளே விடுவார்கள். நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசின் பெறுமதி பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் இருக்கிறது. நேரே பீட்டர் பான் சவாரிக்குப் போங்கள், பகலில் அங்கே வரிசை நீளம். ஆறுதலாகச் சாப்பிட்டுப் பத்தரைக்கு வெளிக்கிடுவதாக இருந்தால் அண்ணா வீடே போதும்.

மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ரிக்கெற் தேவையில்லை. மூத்த பிள்ளையின் உயரத்தை வீட்டிலேயே அளந்து பாருங்கள். பிக் தண்டர் மவுண்டன் ரயிலுக்கு 1.02 மீற்றர் வேண்டும்.

மலிவாக இருந்ததால் உடனே பதிவுசெய்தோம். பிறகுதான் மகனுக்கு அந்தக் கிழமை புலமைப்பரிசில் பரீட்சை என்று தெரிந்தது. காசைத் திருப்பி வாங்கலாமா? (நல்லூர்)

முடியாது. காசு திருப்பித் தரப்படாது என்ற நிபந்தனையால்தான் அது மலிவு. அதை வாசிக்காமல், பிள்ளையின் பரீட்சைத் திகதியையும் பார்க்காமல் பதிவுசெய்துவிட்டு என்னிடம் வழி கேட்டால் என்ன செய்வது? ஹோட்டலுக்கு நேரே எழுதித் திகதியை மாற்றித் தரும்படி கேளுங்கள். இன்றைக்கே எழுதுங்கள்.

ரிசோட்டில் தங்கினால் வரிசையில் நில்லாமல் போகிற எக்ஸ்பிரஸ் பாஸ் இலவசம் என்று வீடியோவில் சொன்னார்கள். சிங்கப்பூரிலும் அப்படியா? (பருத்தித்துறை)

இல்லை. அது அமெரிக்காவின் ஓர்லாண்டோ யுனிவர்சல் கதை. அங்கேயும் போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ரொக், ரோயல் பசிபிக் ஆகிய மூன்று ஹோட்டல்களுக்கு மட்டும். 2025இல் அங்கே திறந்த எபிக் யுனிவர்ஸ் என்ற புதுப் பார்க்குக்கு அதுவும் செல்லாது. சிங்கப்பூரில் தனியாக வாங்க வேண்டும். அங்கே ஜூனிலும் ஆண்டு முடிவிலும் பாடசாலை விடுமுறை. அந்தக் காலத்தைத் தவிர்த்து, வார நாளில், திறக்கும் நேரத்துக்கே போனால் பாஸ் இல்லாமல் சமாளிக்கலாம்.

யாழ் நகரில் ஒருவரிடம் நால்வருக்குச் சிங்கப்பூர் பக்கேஜ் எடுத்தோம். ரிசோட், பார்க், எல்லாம் அடங்கும் என்றார். போனால் ஹோட்டல் லிட்டில் இந்தியாவில், பார்க் ரிக்கெற் இல்லை. கேட்டால், "பார்க் வாசலுக்குக் கூட்டிப்போவதைத்தான் சொன்னேன்" என்கிறார். அம்மாவின் சேமிப்பும் அதில் போய்விட்டது. (சாவகச்சேரி)

வாசிக்கவே மனம் கொதிக்கிறது. விட்டுவிடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதையும், 31ஆம் பிரிவு பொய் சொல்லி விற்பதையும் தடைசெய்கின்றன. அவர் அனுப்பிய வட்ஸ்அப் செய்திகள், குரல் பதிவுகள், வங்கிச் சீட்டு, நீங்கள் தங்கிய ஹோட்டலின் பில் எல்லாவற்றையும் சேருங்கள். அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள், எழுத்திலும் முறைப்பாடு கொடுங்கள். மூன்று மாதம் கடக்க விடவேண்டாம். பற்றுச்சீட்டுத் தரவில்லையென்றால் இப்போதும் கேளுங்கள். கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும், அது 28ஆம் பிரிவு.

இந்த "எல்லாம் அடங்கும்" என்ற பேச்சின் மேல் எனக்குள்ள கோபம் பழையது. எனக்கு விற்ற ஒரு மலேசியப் பக்கேஜிலும் அதே சொல்தான். காலைச் சாப்பாட்டைத் தவிர எல்லாவற்றுக்கும் அங்கே போய்த் தனியாகக் காசு கட்டினேன். ஒற்றைத் தொகையாகச் சொல்லும்போது முகவர் எதை வெட்டினாலும் உங்களுக்குத் தெரியவராது. நகைக்கடையில் பவுன் விலை, செய்கூலி, சேதாரம் என்று பிரித்துக் கேட்கிற நாங்கள், இலட்சக்கணக்கில் கட்டுகிற பயணத்துக்கு ஏன் கேட்பதில்லை? விமானம், அறை, பார்க் ரிக்கெற், வாகனம், சாப்பாடு ஒவ்வொன்றையும் தனியாக எழுதி, தனி விலை போட்டிருக்க வேண்டும். ஹோட்டலின் முழுப்பெயரும் முன்பதிவு இலக்கமும் வேண்டும். அந்த இலக்கத்தோடு ஹோட்டலுக்கே மின்னஞ்சல் போட்டு, உங்கள் பெயரில் அறை இருக்கிறதா, ரிக்கெற் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு மிச்சக் காசைக் கட்டுங்கள். "எங்களில் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்கும் முகவரிடம் முற்பணமும் கட்டவேண்டாம்.

சிங்கப்பூரில் காசு கட்டும்போது அட்டை இயந்திரம் ரூபாயா டொலரா என்று கேட்டால்? (நெல்லியடி)

டொலர். ரூபாயை அழுத்தினால் பெரும்பாலும் உங்கள் வங்கியின் வீதத்தைவிட மோசமான வீதத்தில் வெட்டுவார்கள். அறை எடுக்கும்போது வைப்பாக ஒரு தொகையையும் கடனட்டையில் முடக்கி வைப்பார்கள். அது எவ்வளவு என்று முன்பே கேட்டு, அட்டையில் அந்தளவு இடம் வைத்துக்கொண்டு போங்கள்.