வேலை வாங்குகிறேனா, பழி வாங்குகிறேனா?

மேடத்துக்கு வணக்கம்.

எனக்கு 53 வயது. கோவை கணபதி பக்கம் சின்னதாக ஒரு கடைசல் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப்செட் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட், புஷ் எல்லாம் ஜாப் ஒர்க்கில் செய்து கொடுக்கிறோம். மூன்று பழைய லேத், கம்ப்யூட்டரில் ஓடுகிற சிஎன்சி மெஷின் இரண்டு, ஏழு ஆட்கள். இப்படிக் கடிதம் எழுதியெல்லாம் பழக்கமில்லை. என் மகன் சொன்ன ஒரு வார்த்தை தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அப்பா மில் தொழிலாளி. மில் ஓடிய வரைக்கும் வீட்டில் குறை ஒன்றும் இல்லை. சங்கு ஊதி அரை மணி நேரத்தில் சைக்கிளில் வந்துவிடுவார். டீ குடித்துவிட்டு கோயில் மைதானத்துக்குப் போய் எங்களோடு கபடி ஆடுவார். நான் பத்தாவது எழுதிய வருஷம் மில்லைப் பூட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததை எழுத விருப்பமில்லை. ரேஷன் அரிசிக்கும் கடன் வாங்கினோம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து வயதில் ஒரு பட்டறையில் ஹெல்ப்பராகச் சேர்ந்தேன். காலையில் ஏழு மணிக்குப் போனால் ராத்திரி பத்து மணி. வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி அடிக்கவும் செய்வார். 1998-ல் கடன் வாங்கி, செகண்ட் ஹேண்டில் ஒரு லேத் போட்டேன். 2012 கரண்ட் கட் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் பக்கம் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலேயே போய்விடும். பட்டறையிலேயே பாய் போட்டுப் படுத்துக்கொள்வேன். எந்த நேரத்தில் பல்பு எரிந்தாலும் எழுந்து மெஷினைப் போட்டுவிடுவேன். பக்கத்தில் எத்தனையோ பேர் பூட்டிவிட்டுப் போனார்கள். நான் போகவில்லை. இத்தனை வருஷத்தில் டெலிவரி தேதி தவறியது இரண்டே தடவை. ஒன்று அப்பா இறந்தபோது, இன்னொன்று கொரோனா.

இப்போதும் காலை ஏழுக்குத் திறந்து ராத்திரி ஒன்பதரைக்குத்தான் பூட்டுகிறேன். ஞாயிறு அரை நாள்.

போன மாதம் ஒரு கம்பெனியில் வெள்ளிக்கிழமை ஆர்டர் கொடுத்து திங்கள் காலையில் வேண்டும் என்றார்கள். சிஎன்சி ஓட்டுகிற பையனுக்கு 22 வயது, நல்ல கை. சனிக்கிழமை சாயங்காலம் இருந்து முடித்துக் கொடுடா என்றேன். "இன்னைக்கு முடியாதுங்ணா, ஊர்ல வாலிபால் மேட்ச் இருக்குது" என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. மேட்ச் சோறு போடுமா என்று ஆரம்பித்து, அவன் வீட்டு ஆட்களையும் இழுத்துப் பேசிவிட்டேன். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் ஒன்றும் பேசவில்லை. கை கழுவிவிட்டுப் போனவன் அப்புறம் வரவே இல்லை. 18 நாள் சம்பளம் பாக்கி இருக்கிறது. வந்து கேட்கட்டும் என்று வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரிதான் மகன் சொன்னான்: "நீங்க வேலை வாங்கலப்பா, பழி வாங்கறீங்க."

அவன் பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஒன்றரை வருஷமாக என்னோடுதான் இருக்கிறான். ஆனால் ஆறரை ஆனால் பைக்கை எடுத்துவிடுவான். ரிஜெக்ஷன் ஆன பீஸெல்லாம் எந்த நேரத்தில் ஓடியது என்று கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டுகிறான். ராத்திரி எட்டுக்கு மேல் ஓடியதுதான் அதிகமாம். நான் தொழில் செய்ய வந்தபோது இவன் பிறக்கவே இல்லை. இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி வாரம் 70 மணி நேரம் உழைக்கச் சொன்ன செய்தியையும், எல் அண்ட் டி தலைவர் 90 மணி நேரம் என்று சொன்னதையும் அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சிரிக்கிற பொம்மை ஒன்றைத் திருப்பி அனுப்பினான். வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று அந்தத் தலைவர் கேட்டாரில்லையா, அதைக் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரி, "நீங்க இன்னும் பார்க்கவே ஆரம்பிக்கலீங்களே" என்றாள்.

ஞாயிறு மதியம் சாப்பிட்டு முடித்தால் எனக்குக் கை அரிக்கிறது. உட்கார முடிவதில்லை. தூங்கினால் ஏதோ தப்புச் செய்த மாதிரி திடுக்கென்று விழிப்பு வருகிறது. திரும்பப் போய் ஷட்டரைத் தூக்கி, ஓடாத மெஷினுக்கு ஆயில் விட்டுக்கொண்டிருப்பேன். பிரஷர் இருக்கிறது என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார், சரியாகப் போடுவதில்லை.

தப்பு என் பக்கமா, இந்தக் காலத்துப் பிள்ளைகள் பக்கமா? நேராகவே சொல்லுங்கள்.

கோவை வாசகர்

*

வணக்கம் ஐயா.

முதலில் அந்த 18 நாள் சம்பளம். அதை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். அவன் வந்து கேட்க வேண்டாம், நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், அல்லது ஜிபேயில் போட்டுவிடுங்கள். இதில் உளவியல் எதுவும் இல்லை, அவன் வேலை செய்துவிட்டான், அவ்வளவுதான். நேரில் பார்த்தால் வீட்டு ஆட்களை இழுத்துப் பேசியதற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லுங்கள். திரும்ப வேலைக்குக் கூப்பிடுவதற்காகச் சொல்லாதீர்கள். இரண்டும் ஒன்றாகக் கலந்தால் மன்னிப்புக்கு மதிப்பில்லை.

சரி, இப்போது உங்கள் விஷயத்துக்கு வருவோம்.

நேராகச் சொல்லச் சொன்னீர்கள். உங்கள் உழைப்பில் எனக்குக் குறை தெரியவில்லை. பாய் போட்டுப் படுத்துப் பட்டறையைக் காப்பாற்றியவரிடம் ஓய்வின் பெருமையைப் பேச எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு அது தேவைப்பட்டது. கரண்ட் எப்போது வருகிறதோ அப்போதுதான் வேலை, வேறு வழியில்லை. ஆனால் இப்போது கரண்ட் இருக்கிறது. நீங்கள் இன்னும் பாயைச் சுருட்டவில்லை.

கடிதத்தில் நீங்கள் வேகமாகத் தாண்டிப் போன இடம் ஒன்று உண்டு. மில் பூட்டியதும் நடந்ததை எழுத விருப்பமில்லை என்றீர்கள். என் கண் அங்கேதான் நின்றது. பத்தாவது படிக்கிற பையன் கண்ணெதிரே ஒரு வீடு சரிந்திருக்கிறது. அப்பா நேரத்துக்குப் போனார், நேரத்துக்கு வந்தார், ஒழுங்காக வேலை செய்தார். இருந்தும் சோறு போய்விட்டது. அந்த வயதில் ஒரு பிள்ளை இதற்கு என்ன கணக்குப் போட்டிருக்கும்? நான் கொஞ்சம் கூடுதலாக விழித்திருந்தால் எதுவும் மூடாது என்று போட்டிருக்கலாம். இது என் ஊகம்தான். நேரில் உட்கார்ந்து பேசாமல் இதை உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் தூங்கினால் திடுக்கென்று விழிப்பதும், ஓடாத மெஷினுக்கு ஆயில் விடுவதும் சுறுசுறுப்பு மாதிரி எனக்குத் தெரியவில்லை. அது காவல். இரவெல்லாம் வீட்டைச் சுற்றி நடக்கிற காவலாளிக்கு உட்கார்ந்தால் வருகிற பயம்.

வெகுநேரம் வேலை செய்வது வேறு, வேலையை விட்டு எழ முடியாமல் போவது வேறு. சீசனில் பதினாலு மணி நேரம் உழைத்துவிட்டு, சீசன் முடிந்ததும் பழனிக்குப் போய் வந்து நன்றாகத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இரண்டாவது வகைக்கு, குடிக்கு அடிமையானவரைக் குறிக்கும் சொல்லின் சாயலில் ஆங்கிலத்தில் 'ஒர்க்கஹாலிக்' என்று பெயர் வைத்தவர் வெய்ன் ஓட்ஸ் என்ற அமெரிக்கப் பாதிரியார். அவருடைய சின்ன மகன் அப்பாவைப் பார்க்க ஆபீசில் நேரம் ஒதுக்கித் தரும்படி கேட்ட பிறகுதான் தன் நிலைமை அவருக்கு உறைத்ததாம். உங்கள் மகன் அப்படியெல்லாம் கேட்கவில்லை. பி.இ. முடித்தவன் வேறு எங்கேயும் போகாமல் உங்கள் பட்டறைக்கே வந்துவிட்டான். அப்பா இருக்கிற இடம் அது ஒன்றுதான் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆறரைக்குப் போகிறான் என்பதை எழுதிய நீங்கள், காலையில் எத்தனை மணிக்கு வருகிறான் என்று எழுதவே இல்லை.

அந்த ரிஜெக்ஷன் கணக்கை எடுத்து மறுபடியும் பாருங்கள். உங்கள் தொழிலை ஒட்டியே ஒரு பழைய ஆதாரம் இருக்கிறது. முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் குண்டுகளின் பாகங்களைக் கடைந்தவர்களில் பெண்கள் ஏராளம். ஞாயிறும் விடாமல் வேலை. உற்பத்தி பாதிக்கிறதே என்று 1915-ல் அரசாங்கமே ஒரு குழு போட்டு, வேலை நேரத்தையும் வெளிவந்த உருப்படிகளையும் குறித்து வைத்தது. ஜான் பென்கேவல் என்ற பொருளாதார அறிஞர் அந்தக் கணக்கை எடுத்து ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார். வாரத்துக்கு 70 மணி நேரம் நின்றவர்கள் கடைந்ததும் 56 மணி நேரம் நின்றவர்கள் கடைந்ததும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இடையில் போன 14 மணி நேரம் வெறும் கால்வலி. உங்கள் மகன் காட்டியதும் இதே மாதிரிக் கணக்குத்தான். நீங்கள் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.

நாராயணமூர்த்தி, எல் அண்ட் டி தலைவர் பேச்சு விஷயமாக ஒன்று. நீங்கள் சொன்ன நேரத்தைக் கூட்டினால், சாப்பாட்டு நேரம் கழித்தும் வாரம் 80 மணிக்குக் குறையாது. அவர்கள் அறிவுரை உங்களுக்குத் தேவையே இல்லை. மகனுக்கும் அந்தப் பையனுக்கும் தேவை என்று நினைக்கிறீர்கள். இதில் ஒரு கணக்கு விட்டுப்போகிறது. 1998-க்குப் பிறகு நீங்கள் விழித்த ராத்திரியெல்லாம் உங்களுக்கு மெஷினாக வந்து நின்றது. அந்தப் பையன் விழிக்கிற ராத்திரி யாருக்கு மெஷினாக நிற்கும்? 1948 தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் என்று எழுதி வைத்தது. ஏழு பேர் பட்டறைக்கு எந்தச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்பதை ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்பது வேறு. அன்றைக்குச் சனிக்கிழமை இருக்கச் சொன்னபோது, இருந்தால் இவ்வளவு தருகிறேன் என்று ஒரு தொகை சொன்னீர்களா? அது கடிதத்தில் இல்லை. அன்பாகவோ அதட்டியோ கேட்டால் போதும் என்று இருந்துவிட்டீர்களோ?

இன்னொன்று. வெள்ளிக்கிழமை ஆர்டர் கொடுத்துத் திங்கள் கேட்டது அந்தக் கம்பெனி. பில் பணத்தை எத்தனை மாதம் இழுப்பார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் ஜாப் ஒர்க் செய்கிற பலர் என்னிடம் வந்து அழுவது அதற்குத்தான். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்தாயிற்று. அதைச் சொல்லிக் கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயம். கம்பெனிக்காரரிடம் வர வேண்டிய கோபம் வராமல், கை கழுவிக்கொண்டிருந்த பையன்மேல் வந்து விழுந்திருக்கிறது. மேஸ்திரி உங்களை அடித்ததும் இப்படித்தானோ என்னவோ.

இனி "இந்தக் காலத்துப் பிள்ளைகள்". வேலை நேரம் முடிந்ததும் வீட்டுக்குப் போவது இவர்கள் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. எட்டு மணி நேர வேலை கேட்டுப் பிறந்த மே தினத்தைத் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் சென்னையில் கொண்டாடியது 1923-ல். நூறு வருஷம் கழித்து 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டசபையில் நிறைவேறி, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெறப்பட்டது. நடுவில் எத்தனையோ பேர் கேட்டுக் கேட்டு வாங்கியதால்தான் உங்கள் அப்பாவுக்கு நேரத்துக்குச் சங்கு ஊதியது. அவர் சைக்கிளை மிதித்து அரை மணியில் வீட்டுக்கு வந்தார். டீ குடித்தார். கபடி ஆடினார். அவரைச் சோம்பேறி என்று நீங்கள் சொல்வீர்களா?

மேட்சுக்குப் போன அந்தப் பையன்மேல் அன்றைக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று யோசிக்கும்போது, இந்தக் கபடியையும் சேர்த்து யோசியுங்கள். பதினைந்து வயதில் உங்களிடமிருந்து மைதானத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். யாரும் உங்களிடம் அனுமதி கேட்கவில்லை, அதற்காக யாரும் வருத்தப்படவும் இல்லை. நீங்களாவது வருத்தப்பட்டீர்களா? நேரம் இருந்திருக்காது. பழி வாங்குகிறீர்கள் என்று மகன் சொன்னது கடுமையான வார்த்தைதான். நானாக இருந்தால் அந்த வார்த்தையைப் போட்டிருக்க மாட்டேன். ஆனால் உங்களுக்கு முள்ளாக நிற்கிறது என்றால், அதில் பாதியாவது பட வேண்டிய இடத்தில் பட்டிருக்கிறது.

பிரஷர் மாத்திரையை இன்றைக்கே ஆரம்பியுங்கள். டாக்டரைப் பார்த்து எவ்வளவு நாள் விட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்கிறவர்களைவிட பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் உலகத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து சொல்லியிருக்கின்றன. நீங்கள் 55-ஐத் தாண்டி வெகுதூரம் போய்விட்டவர், கூடவே பிரஷர். இதில் எனக்குச் சமாதானமே கிடையாது.

உடனே ஆறரைக்குப் பூட்டுங்கள் என்று சொன்னால் உங்களால் முடியாது, எனக்கும் தெரியும். வருகிற ஞாயிறு ஒன்று மட்டும் போதும். பட்டறைச் சாவியை மகனிடம் கொடுத்துவிடுங்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு வீட்டிலேயே இருங்கள். கை அரிக்கும். அரிக்கட்டும். அந்த நேரத்தில் மனதில் என்ன ஓடுகிறதோ, எந்த வீடு, எந்த முகம் வருகிறதோ, அதை ஏதாவது ஒரு பழைய டெலிவரி சலானின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். அழகாக எழுத வேண்டாம். எழுத முடியாமல் நெஞ்சு அடைத்தால் பக்கத்தில் இருக்கும் உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், அவர் ரொம்ப நாளாகக் காத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். தூக்கம் கெட்டு, தாங்க முடியாத படபடப்பு வந்தால் அரசாங்கத்தின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்கு எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

பிறகு கோவையிலேயே ஒரு உளவியல் ஆலோசகரைப் போய்ப் பாருங்கள். போகும்போது அந்தச் சலானையும் பிரஷர் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நேரம் கேட்டு வாங்குங்கள்.